ஆயிரத்தொரு கல் சீர்

ஆடி 5, ஞாயிறு

சீனாவில் ஒரு சுவர் இருக்கிறதாம், நிலாவில் நின்று பார்த்தால் தெரியுமாம். சுரண்டையில் நான் எழுப்பப்போகும் சுவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நிலாவே இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகும்.

நடந்தது இதுதான். போன மாதம் என் அக்கா மகள் மாரிக்கனியின் பிள்ளைக்குக் காதுகுத்து. அவளுக்கு உடன்பிறந்தான் கிடையாது. அதனால் அவளுக்குத் தாய்மாமனான நானே அவள் பிள்ளையையும் மடியில் வைத்துக் காது குத்தினேன். மைக்செட் என்னுடையது என்பதால் மைக்கும் என் கையில் இருந்தது. பந்தி நடக்கையில் மாரிக்கனியின் மாமனார், ரிட்டையர்டு ஓவர்சியர் சங்கரலிங்கம், சபையறியச் சொன்னார்: புது வீடு முடிந்துவிட்டது, ஆனால் காம்பவுண்டு இல்லை, மகன் மஸ்கட்டில் இருக்கிறான், சுற்றுச்சுவர் இல்லாத வீட்டில் மருமகளையும் பிள்ளையையும் தனியே விட முடியாது, எங்களோடேயே இருக்கட்டும்.

மாரிக்கனி அப்போது இலை போட்டுக்கொண்டிருந்தாள். துடைத்த இலையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதற்கும் நான் மைக்கை எடுத்ததற்கும் தொடர்பில்லை.

"தாய்மாமன் சீராக, வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் பிளாக் கல் சுவர்" என்று அறிவித்தேன். கிழக்கே பார்த்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று, மேற்கே பார்த்தது ஒன்று. ஏழு தெரு கேட்டது. என் மனைவி பேச்சித்தாய் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

சம்பந்தி சங்கரலிங்கம் மூன்று நிபந்தனை போட்டார். ஒன்று, வாசல் கேட்டு அவர் பொறுப்பு, அது அவர் குடும்பத்து மானம். இரண்டு, ஆவணி கடைசி முகூர்த்தத்துக்குள் சுவர் முழுசாக நிற்க வேண்டும், மகன் அப்போதுதான் லீவில் வருகிறான். தவறினால் தைக்குப் பார்க்கலாம், அல்லது அதற்கடுத்த தைக்கு. மூன்று, கல் கணக்கை அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

ஆடியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாதே என்றேன். கணக்குப் போடுவது நல்ல காரியத்தில் சேராது என்று தீர்ப்பளித்தார்.

ஆடி 6, திங்கள்

ஆம்ப்ளிஃபையருக்குள் பல்லி. இறந்திருந்தது. மதியம் கீரைக் குழம்பு.

ஆடி 8, புதன்

மனையை அளந்தேன். டேப்பு எதற்கு? என்னிடம் நூறடி மைக் ஒயர் இருக்கிறது. வீட்டைச் சுற்றி இழுத்ததில் இருநூற்று முப்பத்தொரு அடி வந்தது. மறுபடி இழுத்தேன், நூற்று எண்பது. ஒயரில் எலி கடித்த இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டிருக்கிறேன், அது வெயிலில் நீள்கிறது, சாரலில் சுருங்குகிறது என்று சுற்றி நின்றவர்களுக்கு விளக்கினேன். மாரிக்கனி உள்ளே போய் ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்து தந்தாள். அறுபதுக்கு நாற்பது. சுற்றளவு இருநூறு அடி. ஒயர் சொன்ன இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது; ஒயர் பொய் சொல்லவில்லை.

வீடு கட்டும்போதே வானம் தோண்டிச் சுற்றிலும் கருங்கல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் கல் அடுக்குவது மட்டுமே என் வேலை. அரண்மனையே கட்டியிருப்பேன், இது ஒரு சுவர்.

ஆடி 11, சனி

கணக்கு தொடங்கியது. நீளம் இருநூறு, உயரம் ஐந்து, ஆக ஆயிரம். கல் பதினாறுக்கு எட்டு, ஆக நூற்றிருபத்தெட்டு. ஆயிரத்தை நூற்றிருபத்தெட்டால் வகுத்தேன்.

எட்டே கல். அதிலும் கொஞ்சம் மிச்சம் விழுகிறது.

மனித குலம் இதுவரை எவ்வளவு கல்லை வீணாக்கியிருக்கிறது என்று நினைத்து நெஞ்சு கனத்தது. பேச்சித்தாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மாவாட்டிய கையோடு வந்து பார்த்தாள்.

"எட்டுக் கல்லுல அடுப்பு வேணா கட்டலாம். அதுக்குள்ள மாரிக்கனிய உக்கார வச்சிருவியளோ?" என்றாள்.

சுவர் அடியில், கல் அங்குலத்தில் என்று அவளே சொல்லிவிட்டும் போனாள். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆடி 12, ஞாயிறு

எல்லாவற்றையும் அங்குலமாக்கினேன். கல்லை மட்டும் ஏதோ ஞாபகத்தில் அடியாக்கிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் வந்தது. அத்தனை கல்லுக்குக் குற்றால மலையைக் கரைத்துத்தான் ஜல்லி எடுக்க வேண்டும், அருவியை வேறு எங்காவது மாட்ட வேண்டியிருக்கும்.

நேற்று எட்டு, இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல். உண்மை இவற்றுக்கு இடையில் எங்கோ பதுங்கியிருக்கிறது. அதைப் பிடிப்பேன்.

ஆடி 14, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

வழி எளிது. சதுரமும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். மூன்று கல்லை வரிசையாக வைத்தால் நாலடி. இருநூறு அடிக்கு நூற்றைம்பது கல். இது ஒரு வரிசை. எட்டு வரிசை அடுக்கினால் வெளியே நிற்பவன் தலை உள்ளே தெரியாது. ஆக ஆயிரத்து இருநூறு. இங்கேதான் சாதாரண மனிதன் பேனாவை மூடுவான். நான் மூடவில்லை. வாசலில் பன்னிரண்டடிக்குக் கேட்டு வருகிறதே, அங்கே கல் எதற்கு? வரிசைக்கு ஒன்பது, எட்டு வரிசைக்கு எழுபத்திரண்டு. கழித்தேன். 1128.

கேட்டைக் கழிக்க வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் எவனுக்குத் தோன்றியிருக்கும்?

வெள்ளைத்தாளில் 1128 என்று மட்டும் பெரிதாக எழுதினேன். கழித்த கணக்கையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். மேதைகள் விடையைத்தான் காட்டுவார்கள்.

ஆடி 16, வியாழன்

சம்பந்தி வீட்டுக்குத் தாளோடு போனேன். கண்ணாடியை மாட்டினார். சிவப்புப் பேனா எடுத்தார்.

"நெனச்சேன். கேட்ட விட்டுட்டீரு. எஸ்டிமேட் போடுத எல்லாப் பயலும் விடுத எடம் இது. நீரு மைக்குல பேசும், கணக்குல பேசாதேயும்" என்று சொல்லி மனக்கணக்கிலேயே எழுபத்திரண்டைக் கழித்து விடையை மட்டும் எழுதினார். 1056.

நான் கழித்துத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் காபியோடு வந்த மாரிக்கனி என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம் மாமா, என்று அர்த்தம். அவர் தப்பென்று யாராவது சொன்னால் அவர் அடுத்த ஆறு மாதம் பேச மாட்டார், சுவரும் அவரோடு சேர்ந்து நின்றுவிடும். திறந்த வாயை வீணாக்காமல் காபியைக் குடித்தேன்.

அவர் தாளில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கீழே இரண்டு கோடும் போட்டார்.

கிளம்பும்போது மாரிக்கனி வாசல்வரை வந்தாள். வந்தவள் நின்றபடியே தூணில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தாள். உடம்பு சரியில்லையா என்றேன். இல்லை என்றாள். உள்ளேயிருந்து சம்பந்தியம்மா கூப்பிட்டார்கள்.

பிரச்சினை இல்லை. கல் கம்பெனியில் ரகசியமாக எழுபத்திரண்டு கூட்டிச் சொல்லிவிடுவேன்.

ஆடி 20, திங்கள்

கல் கம்பெனி தனிஸ்லாஸ் பழகிய ஆள். அவர் பெண் கல்யாணத்துக்கு என் குழாய்தான். தாளை நீட்டினேன். பேச்சித்தாயும் கூட வந்திருந்தாள், கல் நல்ல கல்லா என்று தட்டிப் பார்க்க.

கூட்டிச் சொல்ல நான் தொண்டையைச் செருமுவதற்குள் தனிஸ்லாஸ் கால்குலேட்டரை எடுத்துவிட்டார். இருபது வருஷ அனுபவமாம்; வீட்டுக்காரர் யாரும் கேட்டைக் கழிப்பதே இல்லையாம்; கேட்டு எத்தனை அடி என்றார். பன்னிரண்டு என்று பேச்சித்தாய் சொன்னாள். எழுபத்திரண்டு கழிந்தது. 984. ஏற்றி இறக்குகையில் உடைவதற்குப் பதினேழு சேர்த்தார்.

கால்குலேட்டரில் 1001 என்று நின்றது.

சீர்த்தட்டு பதினொன்று வைப்போம், இருபத்தொன்று வைப்போம், வசதியுள்ளவன் நூற்றொன்று வைப்பான். ஆயிரத்தொன்று வைத்தவன் எங்கள் வகையறாவில் கிடையாது. அதுவும் யாரும் வலிந்து வைக்காமல், தானாக வந்து விழுந்த எண்.

"குலசாமி வந்து பட்டனத் தட்டியிருக்கு" என்று பேச்சித்தாய் கல் கம்பெனியிலேயே குலவையிட்டாள். தனிஸ்லாஸ் கால்குலேட்டருக்குச் சிலுவை போட்டார்.

இதற்குமேல் எழுபத்திரண்டு சேருங்கள் என்று சொல்ல நான் என்ன நாத்திகனா?

ஆடி 22, புதன்

எண்ணைச் சம்பந்தி வீட்டில் சொன்னேன். சம்பந்தியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தார்கள். 1056 எப்படி 1001 ஆனது என்று சம்பந்தி கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். அதற்குள் சம்பந்தியம்மா, இதெல்லாம் இவுஹ சரிபார்த்த கணக்கு, சும்மாவா வரும், என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது கேட்டது. அவர் நெற்றியை விரித்து, அதே தாளில் 1001 சரி என்று எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டு, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு கூம்புக் குழாய்களும் பெரிய ஆம்ப்ளிஃபையரும் சங்கரன்கோவிலுக்கு ஓய்வெடுக்கப் போயிருக்கின்றன. நல்ல ஆள் ஒருவர் வாங்கி வைத்திருக்கிறார். பேச்சித்தாய் காலியான அலமாரியைத் துடைத்து அதில் ஊறுகாய்ப் பாட்டில்களை அடுக்கிவிட்டாள்.

ஆவணி 2, ஞாயிறு

சீர் போயிற்று. மூன்று டிராக்டர். முன்னே நாதஸ்வரம், தவில். ஒவ்வொரு டிராக்டருக்கும் வாழைக்கன்று. முதல் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பட்டுத்துண்டு போர்த்தி, வெள்ளித்தட்டில் பேச்சித்தாய் சுமந்தாள். பாதித் தெருவில் கை ஓய்ந்துபோய்த் தட்டை என்னிடம் தந்தாள். தென்காசி ரோட்டில் பஸ்கள் நின்றன. கண்டக்டர் ஒருவர் இறங்கி எந்த ஊர்ச் சாமி என்று கேட்டார்.

இறக்கும்போது பதினேழு கல் உடைந்தது. சரியாகப் பதினேழு. தனிஸ்லாஸ் தீர்க்கதரிசி.

ஆவணி 5, புதன்

அந்தோணி கொத்தனார் வேலையைத் தொடங்கிவிட்டார். சுற்றிலும் வரிசை வரிசையாக ஏற்றிக்கொண்டு வரலாம் என்றார். சம்பந்தி விடவில்லை. ஒரு பக்கத்தை முழு உயரத்துக்கு முடிக்க வேண்டும், அவர் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துப் பாஸ் பண்ண வேண்டும், பிறகுதான் அடுத்த பக்கம். சர்க்கார் வேலையில் அப்படித்தானாம். பின்பக்கம் முதலில், முன்பக்கம் கடைசியில்.

ஆவணி 9, ஞாயிறு

சாரல். வேலை இல்லை. வடை.

ஆவணி 14, வெள்ளி

பின்பக்கமும் வடபக்கமும் பாஸ். சுவர் அப்படியொரு சுவர். ஒரு காகம் உட்கார வந்து, தகுதியில்லை என்று எண்ணித் திரும்பிப் போனதை என் கண்ணால் கண்டேன். மாரிக்கனி தினமும் மாலையில் வந்து தண்ணீர் ஊற்றி நனைக்கிறாள். அவள் ஊற்ற வேண்டியதில்லை, ஆள் இருக்கிறது. ஊற்றிவிட்டுப் பூட்டிய வீட்டுக் கதவின் கைப்பிடியையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகிறாள்.

கல் குவியல் எனக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. வெயிலில் கண் கூசும்.

ஆவணி 20, வியாழன்

தென்பக்கம் முடிந்தது. அந்தோணி கொத்தனார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இருவத்திநாலு கல்லு கெடக்கு."

நல்லது என்றேன்.

"முன்பக்கம் நாப்பது அடியும் கெடக்கு."

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பசி இல்லை. சுவருக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆவணி 21, வெள்ளி

தனிஸ்லாஸிடம் ஓடினேன். காய்ந்த கல் எல்லாம் ஏதோ காலேஜுக்குப் போய்விட்டதாம். புதிதாக வார்த்தது ஊறிக் காய ஆவணி முடிந்துவிடும்.

வேறு ஊரில் வாங்கிவிடலாம் என்று சம்பந்தியம்மாவிடம் ஜாடையாகப் பேச்செடுத்துப் பார்த்தேன். ஒரு சீரில் ஏதாவது விட்டுப்போய் மறுநாள் கொண்டுவந்தால் தப்பா என்று பொதுவாகக் கேட்டேன். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சீர் இரண்டு தடவையாக வந்தால் மகனுக்கு இரண்டு தாரம் என்று அர்த்தமாம். அவர்கள் ஊரில் ஒருவனுக்கு அப்படி நடந்ததாம். பித்தளை அண்டா ஒன்று பிந்தி வந்ததாம்.

ஆக, கல் கிடைக்காது. கிடைத்தாலும் வரக்கூடாது. வராவிட்டால் சுவர் முழுசு இல்லை. முழுசு இல்லாவிட்டால் மாரிக்கனி தைக்கு, அல்லது அதற்கடுத்த தைக்கு.

மூன்று பேர் கேட்டைக் கழித்திருக்கிறோம். பேனாவால் ஒருவன், சிவப்புப் பேனாவால் ஒருவன், கால்குலேட்டரால் ஒருவன். ஊரில் ஒருவனுக்கும் தோன்றாது என்று நான் எழுதியிருப்பதைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் காபி கொட்டிவிட்டது.

மாரிக்கனியிடம் மட்டும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையோடு போயிருந்தேன். அவள் குவியலைப் பார்த்தாள், காலி இடத்தைப் பார்த்தாள், அந்தத் தாள் யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். அவள் மாமனார் சட்டைப்பையில் என்றேன்.

"ஞாயித்துக்கிழம நீங்க வாயே தொறக்கக் கூடாது மாமா" என்றாள்.

ஆவணி 23, ஞாயிறு

சம்பந்தி முன்பக்கத்தைப் பார்க்க வந்தார். சம்பந்தியம்மா, பேச்சித்தாய், கொத்தனார், அக்கம்பக்கத்தார் என்று ஒரு கூட்டம். அவர் குவியலைப் பார்த்தார். நாற்பதடியைப் பார்த்தார். மறுபடி குவியலைப் பார்த்தார். மிச்சக் கல் எங்கே என்று கேட்டார்.

நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையோடு முன்னே வந்தேன். பேச்சித்தாய் என் காலை மிதித்தாள். நாற்பத்தைந்து கிலோ அரிசி மூட்டையை இறக்கியது போலிருந்தது.

மாரிக்கனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றாள். குரலில் அத்தனை மரியாதை.

"எல்லாக் கல்லும் வந்துட்டு மாமா. ஆயிரத்தொண்ணு. நீங்க ரெண்டு தடவ சரிபாத்துக் கையெழுத்துப் போட்டியள்லா. அதுல தப்பு வருமா?"

சம்பந்தி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். அதற்குமேல் இருந்த 1128-ஐயும் நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவருக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது என்று என்னால் மைக் பிடித்துச் சொல்ல முடியும்.

"ஏங்க, கணக்கு தப்பாங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் காதை நீட்டினாள்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸ். அவர் டேப்பை எடுத்தார். ஒரு முனையைக் கொத்தனாரிடம் தந்து அளந்தார். பன்னிரண்டடியில் ஒரு கோடு, அதற்கப்பால் இரண்டடியில் ஒரு கோடு, மறுபடி பன்னிரண்டு, மறுபடி இரண்டு. கடைசியில் மிஞ்சியது சரியாகப் பன்னிரண்டு.

"என்ன முழிக்கியரு? இருவத்திநாலு கல்லு, ரெண்டு தூணு. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. கேட்டு மூணு. எஸ்டிமேட் போடும்போதே மனசுல வச்சிருந்தேன்."

கொத்தனார் தயங்கிக் கேட்டார், மூன்று கேட்டு எதற்கு என்று.

"ஒண்ணு காருக்கு. ஒண்ணு ஆளுக்கு."

"மூணாவது சார்?"

"மூணாவது அவசரத்துக்குவே. போய்க் கல்ல எடும்."

அவரிடம் கார் கிடையாது.

கேட்டு அவர் பொறுப்பு என்பதை நான் நினைவூட்டவில்லை. சம்பந்தியம்மாவே நினைவூட்டினார்கள்.

ஆவணி 27, வியாழன்

புது கேட்டு ஒன்றுதான் தயாராக இருந்தது. மற்ற இரண்டையும் சம்பந்தி பழைய இரும்புக் கடையில் பிடித்தார். ஒன்று ஏதோ ரைஸ் மில்லில் கிடந்தது. அதில் "நெல் வண்டிகள் மட்டும்" என்று இருக்கிறது. இன்னொன்று மூடிப்போன டூரிங் சினிமாக் கொட்டகையின் கேட்டு. "பெண்கள் தரை" என்று நீல பெயிண்டில் கொட்டை எழுத்து. அழித்துவிடலாம் என்று பெயிண்டர் சொன்னார். இருக்கட்டும் என்று மாரிக்கனி சொல்லிவிட்டாள்.

மூன்றும் மாட்டியாயிற்று. சம்பந்தி ஒவ்வொன்றையும் பூட்டி, இழுத்து, ஆட்டிப் பார்த்து, வேலை பூர்த்தி என்று கையெழுத்துப் போட்டார். எதில் போடுவது என்று தெரியாமல் தூணிலேயே சாக்பீஸால் போட்டார்.

ஆவணி 30, ஞாயிறு

பால் பொங்கியது. மாரிக்கனியின் புருஷன் செல்லத்துரை நேற்றுத்தான் மஸ்கட்டிலிருந்து வந்தான். வீட்டு முகப்பைப் பார்த்து, வழிதவறி மாட்டுச்சந்தைக்கு வந்துவிட்டேனோ என்று கேட்டான். வந்தவர்களில் பாதிப் பேர் எந்த வாசல் வழியாக நுழைவது என்று தெரியாமல் மூன்றையும் ஒருமுறை சுற்றினார்கள். ஒரு ஆடு நெல் வண்டி வழியாக வந்து, மாவிலையைத் தின்றுவிட்டு, கார் வழியாகப் போனது.

சம்பந்தி எல்லாரிடமும் தம் பிளானை விளக்கினார். காற்றோட்டமாம். நான் பக்கத்தில் நின்று ஆமோதித்தேன். தெருவில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் மூன்று கேட்டு வைக்க எஸ்டிமேட் கேட்டிருக்கிறார்களாம்.

சாயங்காலம், கூட்டத்துக்கு முன்னால், சம்பந்தி சாவிக்கொத்தை மருமகள் கையில் தந்தார். தைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல அவருக்கு ஒரு கல்கூட மிச்சமில்லை.

புரட்டாசி 11, வெள்ளி

செல்லத்துரை திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டான். மாரிக்கனியும் பிள்ளையும் புது வீட்டில்தான் இருக்கிறார்கள். துணைக்கு வரவா என்று பேச்சித்தாய் கேட்டாள். வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டாளாம்.

புரட்டாசி 15, செவ்வாய்

சுவர் எப்படி இருக்கிறது, அதைக் கட்டிக்கொடுத்தவனை அது இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். காலை பதினொரு மணி. கையில் ஒரு சீப்பு பழம். மாமா இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்பது மாதிரி ஏதாவது சொல்வாள், பெருந்தன்மையாக மறுக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கேட்டைத் தட்டினேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. மாரிக்கனி. தலை கலைந்து, கன்னத்தில் பாய்க்கோடு பதிந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து நின்றாள். எனக்குப் பக்கென்றது. உடம்பு சரியில்லையா என்றேன்.

"தூங்குதேன் மாமா."

இந்நேரத்திலா என்றேன்.

"ஆமா. பிள்ளயும் தூங்குது. எழுப்ப ஆளே இல்ல மாமா. நேத்தும் தூங்குனேன்." ஒரு கண்ணாலேயே சிரித்தாள். "சாயங்காலம் வாங்க, என்ன?"

பழத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் ஒத்திகை பார்த்த மறுப்பை என்ன செய்வது என்று தெரியாமல் சற்று நின்றேன். பிறகு "பெண்கள் தரை" வழியாக வெளியே வந்து, கேட்டு கிறீச்சிடாமல் இரு கையாலும் தாங்கிப் பிடித்துச் சாத்தினேன்.

அப்போதுதான் தெருமுனையில் பழைய பேப்பர்க்காரன் வந்தான். சைக்கிளில் ஸ்பீக்கர் கட்டியிருந்தான். நல்ல ஸ்பீக்கர், இரண்டு பர்லாங் கேட்கும், என் கைக்கு வந்திருந்தால் இன்னும் ஒரு பர்லாங் கேட்க வைத்திருப்பேன். நான் நடுத்தெருவில் கை நீட்டி மறித்தேன்.

"சத்தத்தக் கொறவே," என்று மெல்லிய குரலில் சொன்னேன். "பிள்ள தூங்குது."